பேரன்ட்ஸ் எல்லாம் வெளியே இருங்க: முதல் செஸ் போட்டிக்குப் போகும் பெண்களுக்கு

முதல் ரவுண்டு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. அது ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் ஆர்பிட்டர்களின் (நடுவர்களின்) மேசை, கீழே வரிசை வரிசையாகப் போர்டுகள். "பேரன்ட்ஸ் எல்லாம் வெளியே போயிடுங்க" என்று மைக்கில் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் என் போர்டு எண்ணைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, சிப்பாய்களை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். வாலண்டியர் பையன் ஒருவன் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, உங்க பையனை உக்கார வச்சிட்டு நீங்க கிளம்புங்க. ரவுண்டு ஸ்டார்ட் ஆகப் போகுது."

"பையன் வீட்ல தூங்கறாம்ப்பா. ஆடப் போறது நான்தான்."

அவன் கையில் இருந்த, யாருக்கு யார் எதிராளி என்று போட்ட பேரிங் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். எதிரில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் சிரிக்கக்கூட இல்லை. அவனுக்கும் அதே சந்தேகம்தான் போல.

அப்போது எனக்கு 34 வயது. அந்த வாலண்டியர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்குப் பின் அதே கேள்வியைக் கேட்ட பலரும் அப்படித்தான். செஸ் ஹாலுக்குள் ஒரு பெண் நின்றால் அவள் யாரையோ கூட்டி வந்தவள் என்று இவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆடுகிறவள் என்று நாம்தான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தும் வேலைக்குப் பாதி சக்தி போய்விடாமல், மீதியை வைத்து ஆடவும் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. காய் நகர்த்தத் தெரியும், போனில் ஆடுகிறேன், ஹாலுக்குப் போகத்தான் தயக்கம் என்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்காரும் அம்மாக்களுக்கும் இது பொருந்தும். அந்த வரிசையில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

"ஓபன்" என்றால் ஆண்கள் போட்டி அல்ல

போஸ்டரில் "ஓபன்" என்று போட்டிருந்தால் அது எல்லோருக்கும் திறந்தது. ஆண்களுக்கென்று தனியாக ஒன்று கிடையாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றும், பெண்களுக்கு மட்டுமான ஒன்றும் உண்டு. ரேட்டிங்கும் அப்படித்தான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒருவரின் ஆட்ட பலத்துக்குத் தரும் எண்தான் ரேட்டிங். எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே அளவுகோல். 1600 ரேட்டிங் உள்ள பெண்ணும் 1600 ரேட்டிங் உள்ள ஆணும் அந்தக் கணக்குப்படி சம பலம். பட்டங்களில் மட்டும் இரண்டு வரிசை. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும் நார்ம்களும் (போட்டிகளில் எட்ட வேண்டிய தகுதி அளவு) வேண்டும், பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங்கும் நார்ம்களும். முதல் பட்டம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கோனேரு ஹம்பி 2002-இல் 15 வயதில் வாங்கினார். ஹரிகா 2011-இல், நம் சென்னை வைஷாலி 2023 டிசம்பரில், திவ்யா தேஷ்முக் 2025 ஜூலையில்.

இந்த வாசல் தானாகத் திறக்கவில்லை. 1976-இல் ரோகிணி காடில்கர் என்ற மும்பைச் சிறுமி 13 வயதில் ஆண்களின் தேசியப் போட்டியில் ஆடப் போக, பெரிய ரகளை ஆனது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில், பெண்களைத் தேசிய, சர்வதேசப் போட்டிகளிலிருந்து தடுக்க முடியாது என்று ஃபிடே தலைவர் மேக்ஸ் யூவே தீர்ப்புச் சொன்னார். பத்து வருடம் கழித்து ஹங்கேரியின் சூசன் போல்கார் உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றுக்குத் தேறி வந்தபோது, அது "ஆண்கள்" போட்டி என்று மறுபடியும் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் விதியிலிருந்து போனது. ஆகவே "இது ஜென்ட்ஸ் டோர்னமென்ட் மேடம்" என்று போனில் யாராவது சொன்னால், "ஓபன்னுதானே சார் போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கே வழிவிட்டுவிடுவார்கள்.

பதிவு: இனிஷியலும் போன் நம்பரும்

ரேட்டிங் போட்டிக்கு அகில இந்திய செஸ் கூட்டமைப்பில் ஆன்லைனில் பதிய வேண்டும், ஃபிடே ஐடி வாங்க வேண்டும். சில போட்டிகளுக்கு மாநிலச் சங்கப் பதிவும் கேட்பார்கள். கட்டணமும் படிவமும் அவ்வப்போது மாறும். பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சூட்சுமம் இனிஷியலில் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா இனிஷியலோடு பதிந்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும். பத்து வருடம் கழித்துத் திரும்ப ஆட வரும்போது புதுப் பெயரில் இன்னொரு ஐடி போடாதீர்கள். ஐடி ஒன்றுதான், அது வாழ்நாள் முழுக்க உங்களுடையது. பழையதைத் தேடி எடுத்து, பெயரை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். பள்ளி நாளில் ஆடி வாங்கிய ரேட்டிங் அங்கே அப்படியே கிடக்கலாம். என் தோழி ஒருத்திக்குப் பதினாலு வருடத்துக்கு முந்தைய ரேட்டிங் கிடைத்தது. பழைய நகையை மீட்டது மாதிரி சந்தோஷப்பட்டாள்.

அடுத்தது போன் நம்பர். படிவத்தில் "பேரன்ட் நேம்", "பேரன்ட் மொபைல்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் கணவர் நம்பரைக் கொடுத்தால் அறிவிப்பெல்லாம் அவருக்குப் போகும், நீங்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிவரும். உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஆனால் ஒன்று. போட்டி வாட்ஸ்அப் குரூப்பில் முந்நூறு நானூறு பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும். குரூப்பில் சேருவதற்கு முன் புரொஃபைல் படத்தையும் ஸ்டேட்டஸையும் "கான்டாக்ட்ஸ் மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். இரண்டாவது சிம் இருந்தால் அதைக் கொடுங்கள். "ஹாய் மேடம், நல்லா ஆடினீங்க" என்று இரவு பதினொன்றரைக்கு வரும் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பேரிங் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் வந்துவிடும், குரூப் இல்லாமலும் ஆட முடியும்.

எந்தப் போட்டி?

முதலில் ஒரு நாள் ரேபிட் (வேக ஆட்டம்) போட்டிக்குப் போங்கள். காலையில் தொடங்கி மாலைக்குள் முடியும். சுவிஸ் முறை என்பதால் தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள். உங்கள் அளவுக்குப் புள்ளி வைத்திருக்கும் இன்னொருவரோடு அடுத்த ரவுண்டில் போடுவார்கள். எல்லா ஆட்டமும் தோற்றாலும் கடைசி ரவுண்டு வரை போட்டியில் இருப்பீர்கள். நாலைந்து நாள் நடக்கும் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) போட்டியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசுத்தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அமைப்பாளருக்குப் போன் போட்டு, பெண்கள் கழிவறை எங்கே, திறந்திருக்குமா, தண்ணீர் வருமா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். விடுமுறை நாளில் பள்ளிக்கூட ஹாலில் போட்டி நடக்கும். ஆண்கள் பக்கம் திறந்திருக்கும், பெண்கள் பக்கம் பூட்டியிருக்கும், சாவி வைத்திருக்கும் அம்மா அன்று லீவு. எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. கேள்வி போகப் போகத்தான் அமைப்பாளர்கள் அதையும் ஒரு ஏற்பாடாக நினைப்பார்கள். கடைசி ரவுண்டு எத்தனை மணிக்கு முடியும், அந்த நேரத்துக்கு அங்கிருந்து பஸ் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கிளாசிக்கல் ஆட்டம் மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும், மாதவிலக்கு நாளில் அது கஷ்டம். விதி இதுதான்: எதிராளி யோசிக்கும்போது எழுந்து கழிவறைக்குப் போய் வரலாம். உங்கள் முறை நடக்கும்போது ஆடும் இடத்தை விட்டுப் போக ஆர்பிட்டரிடம் அனுமதி கேட்க வேண்டும், உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தி, பிறகு எழுந்திருங்கள். காரணம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஹால் ஏசி குளிரும் என்பதால் துப்பட்டாவோ சால்வையோ ஒன்று இருக்கட்டும்.

போனில் ஆடுகிறவர்கள் ஹாலில் சறுக்குமிடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கோட்டை கட்டும்போது முதலில் ராஜாவைத் தொடுங்கள், யானையை அல்ல. ஒரே கையால் நகர்த்தி, அதே கையால் கடிகாரத்தை அழுத்துங்கள். கிளாசிக்கலில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர்ஷீட் என்ற தாளில் எழுத வேண்டும், ஆகவே வீட்டில் நாலு ஆட்டம் எழுதிப் பழகுங்கள். விதிக்கு மாறான நகர்த்தல் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். போன் உடம்பில் இருக்கவே கூடாது. பையில் ஆஃப் செய்து வைக்கலாமா, வெளியே கொடுக்க வேண்டுமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவசரத்துக்கு அமைப்பாளரின் நம்பரை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அது போதும், ஆட்டத்துக்கு நடுவில் போனை எட்டிப் பார்க்க முடியாது.

இந்த விதிகளை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரில் பெண் உட்கார்ந்தால் சிலர் ஆசிரியர் வேலையைத் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள். "மேடம், அந்தக் கையால அழுத்தக் கூடாது" என்பார்கள். சில சமயம் அவர்கள் சொல்வதே தப்பாக இருக்கும். வாதாடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், கையைத் தூக்குங்கள், ஆர்பிட்டர் வருவார். உதவி கேட்கக் கடிகாரத்தை நிறுத்தும் உரிமை இரண்டு பேருக்கும் உண்டு. ஆர்பிட்டரைக் கூப்பிடுவது சண்டை போடுவது ஆகாது. பையன்கள் பத்து வயதிலேயே இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், நமக்குத்தான் "எதுக்கு வம்பு" என்று தோன்றுகிறது. நான் அப்படி நினைத்து இரண்டு அரைப்புள்ளிகளை விட்டிருக்கிறேன்.

என்னென்ன சொல்வார்கள், என்ன பதில்

"உங்க பையன் எந்த போர்டு?" என்று கேட்டால் "நான் 52-ஆவது போர்டு. நீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்கலாம். போர்டு எண் சொன்ன பிறகு பேச்சு தானாக ஆட்டத்துக்கு வந்துவிடும்.

"ஹஸ்பண்ட் சொல்லிக் கொடுத்தாரா?" என்பது அடுத்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. அவர் ராணியை மந்திரி என்றுதான் சொல்வார், இன்றைக்கும் அவசரத்தில் என் வாயில் அதுதான் வரும். ஆனால் இந்தக் கேள்விக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். "இல்லீங்க" என்ற ஒரு சொல் போதும். அண்ணன், தம்பி, அப்பா, கணவர் என்று யாரோ ஓர் ஆண் வழியாகத்தான் நீ இங்கே வந்திருப்பாய் என்ற நினைப்பு பெரிய ஆட்டக்காரர்களையே விடுவதில்லை. வைஷாலியை எத்தனை செய்தி "பிரக்ஞானந்தாவின் அக்கா" என்று தொடங்கியிருக்கிறது! கதை நேர்மாறானது. டிவி பார்க்கும் நேரத்தைக் குறைக்க முதலில் செஸ் வகுப்பில் சேர்த்தது வைஷாலியை. அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி போர்டுக்கு வந்தார்.

"லேடீஸ்தான்டா, சீக்கிரம் முடிச்சிட்டு வா." இது உங்களிடம் சொல்லப்படுவதில்லை. எதிராளிப் பையனின் அப்பா, பையன் காதில், உங்களுக்குக் கேட்கும் அளவில் சொல்வது. இதற்குப் பதில் கிடையாது. காதில் விழாதது மாதிரி பேனா மூடியைத் திறந்து தேதி எழுதுங்கள். ரவுண்டு தொடங்கிய பிறகும் அந்த அப்பா பின்னால் நின்றால் மட்டும் ஆர்பிட்டரிடம் சொல்லுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் ஆட்டத்தில் குறுக்கிடக் கூடாது என்பது விதி.

இந்த நினைப்பு ரொம்பப் பழையது. 1929-இல் கார்ல்ஸ்பாத் நகரில் நடந்த பெரிய போட்டிக்கு முதல் பெண் உலக சாம்பியனான வேரா மென்சிக்கை அழைத்திருந்தார்கள். ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர், இந்தப் பெண்ணிடம் தோற்கிறவர்களையெல்லாம் "வேரா மென்சிக் கிளப்" உறுப்பினர்களாகச் சேர்க்கலாம் என்று கிண்டலடித்தார். முதல் உறுப்பினரானது அவரேதான். பிற்பாடு உலக சாம்பியனான யூவேயும் அந்தக் கிளப்பில் சேர்ந்தார். 1976-இல் ரோகிணிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன அதே யூவே.

இன்னொன்று, தோற்றதற்குச் சொல்லும் காரணம். உங்களிடம் தோற்றவருக்கு அன்று தலைவலி இருக்கும், ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வந்திருக்காது, அல்லது "மேடம்ங்கறதால கொஞ்சம் ரிலாக்ஸா ஆடிட்டேன்." ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். முடிவைப் பதிவதற்கு முன் 1-0 எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கை குலுக்குவது வழக்கம். மத காரணத்தால் சில ஆண்கள் பெண்களுக்குக் கை கொடுக்க மாட்டார்கள். 2025 ஜனவரியில் நெதர்லாந்தில் உஸ்பெக் கிராண்ட்மாஸ்டர் யாகுபோயெவ், வைஷாலி நீட்டிய கையை வாங்காமல் உட்கார்ந்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அவமதிக்கும் நோக்கம் இல்லை என்று விளக்கினார், பிறகு பூவும் சாக்லேட்டும் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் கூச்சத்தாலேயே கை கொடுக்காத பையன்கள் உண்டு. நான் உட்கார்ந்ததும் கும்பிட்டுவிடுவேன், இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

போர்டுக்கு எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் இருப்பது

இத்தாலியில் 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சம பலமுள்ள 42 ஆண்-பெண் ஜோடிகளை இணையத்தில் ஆட வைத்தார்கள். எதிரில் யார் என்று தெரியாதபோது பெண்கள் ஆண்களுக்கு இணையாக ஆடினார்கள். எதிரில் இருப்பது ஆண் என்று தெரிந்து, பெண்கள் செஸ்ஸில் பலவீனம் என்ற பேச்சையும் நினைவூட்டியபோது ஆட்டம் விழுந்தது. அதே ஆணைப் பெண் என்று பொய் சொல்லி ஆட வைத்தால், மறுபடி பழையபடி ஆடினார்கள். பத்து வருடம் கழித்து, லட்சக்கணக்கான நிஜப் போட்டி ஆட்டங்களை அலசிய வேறொரு ஆய்வு எதிர்மாறாகச் சொன்னது: ஆண்களோடு ஆடும்போது பெண்கள் தங்கள் ரேட்டிங்கை விடச் சற்று நன்றாகவே ஆடுகிறார்கள் என்று. இரண்டையும் படித்தபோது, போட்டிக்குத் தொடர்ந்து போகிறவர்களுக்கு அந்தப் பயம் தேய்ந்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இது என் ஊகம்தான், ஆனால் என் அனுபவமும் அதுவே.

அதுவரைக்கும் ஒரு உபாயம். பேரிங் வந்ததும் எதிராளியின் ரேட்டிங்கை மட்டும் பாருங்கள். பெயரைத் தேடி, போட்டோ பார்த்து, "ஐயோ, மீசை வச்ச பெரிய ஆளு" என்று பயப்பட வேண்டாம். மீசை வைத்த அங்கிளை விட ஒன்பது வயதுப் பையன்தான் ஆபத்து. தினம் நாலு மணி நேரம் பயிற்சி எடுப்பவன் அவன், ரேட்டிங் இன்னும் அவன் பலத்தை எட்டிப் பிடித்திருக்காது. அவனிடம் தோற்பது கேவலமே இல்லை. ஆட்டம் முடிந்து "ஆன்ட்டி, நீங்க குதிரையை இங்க வச்சிருக்கணும்" என்பான். அவன் சொல்வதைக் கேளுங்கள். ஆண் பெண் பேதம் இல்லாமல் எல்லோருக்கும் பாடம் எடுப்பவன் அவன், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

பெரியவர்கள் எடுக்கும் பாடம் வேறு ரகம். ஆட்டம் முடிந்த பின் இரண்டு பேரும் சேர்ந்து அலசுவது நல்ல பழக்கம், கற்றதில் பாதி எனக்கு அங்கேதான். ஆனால் தோற்றவர் ஜெயித்தவளுக்கு "நீங்க எப்படி ஜெயிச்சீங்க தெரியுமா?" என்று விளக்க ஆரம்பித்தால், "அடுத்த ரவுண்டுக்குச் சாப்பிடணும்" என்று எழுந்துவிடுங்கள். அவரே உங்களிடம் "இங்க என்ன நினைச்சீங்க?" என்று கேட்டால் உட்காருங்கள்.

டிரா கேட்பதிலும் ஒரு விளையாட்டு உண்டு. எட்டாவது நகர்த்தலில் "டிரா மேடம்?" என்பார் உங்களை விட முந்நூறு புள்ளி அதிகமுள்ளவர். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் தோற்றால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு முறை மறுத்த பின்னும் திரும்பத் திரும்பக் கேட்டால், அது தொந்தரவு என்று விதியே சொல்கிறது. ஆர்பிட்டரைக் கூப்பிடலாம்.

சேலையா, ஜீன்ஸா

உட்கார வசதியாக எது இருக்கிறதோ அது. இதற்கு இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் 2024 ஜனவரியில், நெதர்லாந்துப் போட்டியை முடித்துவிட்டு, அப்போது 18 வயதான திவ்யா தேஷ்முக் வெளிப்படையாக எழுதினார். தன் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் உடை, முடி, பேச்சு என்று மற்ற எல்லாவற்றையும் பற்றியே பார்வையாளர்கள் பேசுகிறார்கள், ஆண்களுக்கு இது நடப்பதில்லை என்று. அடுத்த வருடம் அவர் மகளிர் உலகக் கோப்பையையே வென்றார். உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீங்கள் எதைப் போட்டாலும் பேசுவார்கள். உங்கள் படத்தை அமைப்பாளர்கள் போஸ்டரில் போட விரும்பினால் முன்கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வம்பு நிஜமாகவே வந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் வகை. இதற்கு மேலும் நடக்கும். 2023 ஆகஸ்டில் பிரான்ஸில் பெண் ஆட்டக்காரர்கள் சேர்ந்து, செஸ் உலகில் தாங்கள் சந்தித்த பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பொதுக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். பெரும்பாலும் சின்ன வயதில், பயிற்சியாளராலோ மூத்த ஆட்டக்காரராலோ நேர்ந்தவை.

ஆட்டத்தின்போது தொந்தரவு என்றால் தலைமை ஆர்பிட்டரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு வெளியே என்றால் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் "பணியிடம்" என்பதற்குள் விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆபீஸ் என்றால்தான் செல்லும் என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் உண்டு. உதவி எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

பயிற்சியாளர் தேடும்போதும் கொஞ்சம் கறாராக இருங்கள். முதல் சில வகுப்பை நாலு பேர் இருக்கும் இடத்திலோ ஆன்லைனிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அவரிடம் படிக்கும் பெண்கள் இருந்தால் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பினால், யாரோடு எந்த அறையில் தங்குகிறாள் என்பது பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"பெஸ்ட் உமன்" பரிசு

ஓபன் போட்டிகளில் சிறந்த பெண்ணுக்கென்று ஒரு பரிசு இருக்கும். "லேடீஸ் கோட்டா" என்று யாராவது முனகுவார்கள். எண்பது வயதுத் தாத்தாவுக்குச் சிறந்த முதியவர் பரிசும், ஏழு வயதுக் குழந்தைக்கு ஏழு வயதுக்குட்பட்டோர் பரிசும் அதே மேடையில்தான் கொடுக்கிறார்கள், அதைப் பற்றி ஒருவரும் முனகுவதில்லை. மேடை ஏறி வாங்குங்கள். பஸ் செலவுக்காவது ஆகும்.

பெண்களுக்கு மட்டுமான போட்டிகளில் ஆடலாமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. சூசனின் தங்கை ஜூடித் போல்கார் சிறு வயதிலிருந்தே அநேகமாக அவற்றைத் தவிர்த்தார், ஆண்களோடு ஆடி 2735 ரேட்டிங் வரை போனார், 2002-இல் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவை ஒரு ரேபிட் ஆட்டத்தில் வென்றார். மறுபக்கம், "பெண் கிராண்ட்மாஸ்டர்" என்ற தனிப் பட்டத்தை இந்தியாவில் முதலில் வாங்கிய சென்னை விஜயலட்சுமி போன்றவர்களுக்கு மகளிர் போட்டிகள்தான் அடித்தளம். என் அபிப்பிராயம்: மூன்று ஓபனுக்கு ஒரு மகளிர் போட்டி. மகளிர் ஹாலில் "யாரோட வந்தீங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள், அந்த நிம்மதியில் ஆட்டம் தனியாகத் தெரியும். அங்கே கிடைக்கும் தோழிகள்தான் அடுத்த ஓபனுக்கு ஆட்டோ பங்கு போடுவார்கள். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால், எதிராளிகள் கொஞ்சம் பேரே என்பதால் திரும்பத் திரும்ப அதே முகங்களோடுதான் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

ரேட்டிங்கும் இடைவெளியும்

ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும், அப்புறம்தான் ரேட்டிங் வரும். முதல் போட்டியில் ஒரு அரைப்புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. 2024 மார்ச் முதல் ரேட்டிங் 1400-இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

நடுவில் கல்யாணம், பிரசவம், வேலை என்று நின்றுபோகும். நின்றால் "முன்னாடி ஆடிட்டிருந்தா" என்று இறந்தகாலத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஹம்பி பிரசவத்துக்காக இரண்டு வருடம் போல விலகியிருந்து, திரும்பி வந்து 2019-இலும் 2024-இலும் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். ஹரிகா 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நிறைமாத கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார், இந்திய மகளிர் அணிக்கு வெண்கலம். அவர்களுக்கு அமைந்த வசதி நமக்கு அமையாது என்பதும் உண்மை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையலை யார் பார்ப்பது என்ற பேச்சுவார்த்தையை, போட்டித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நடத்துங்கள். முதல் நாள் இரவு நடத்தினால் தோற்றுவிடுவீர்கள். அந்த ஆட்டத்தில் டிராவுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பைக்குள்

தண்ணீர், ஒரு வாழைப்பழம், கடலை மிட்டாய், சால்வை, நாப்கின், ஐடி அட்டை, அமைப்பாளர் நம்பர் எழுதிய சீட்டு. மதியம் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொள்ளாதீர்கள், மூன்றாவது ரவுண்டில் கண் சொக்கும். புளிசாதம் தேவலை. பேனா இரண்டு. எதிரில் வந்து உட்காரும் பையன் கட்டாயம் ஒன்று கேட்பான்.